ஹில்டா ஆன்ட்டி கொடுத்த பேனா

என் செலின் அக்காவுக்கு,

எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. இது என் இடது கை. வேறு யாரும் இதைப் பார்க்கப் போவதில்லை. உனக்கு மட்டும் கோணலாகத் தெரியட்டும்.

வலது கை மாவுக்கட்டில் இருக்கிறது. வடலூர் நாலுரோட்டில் மழைத் தண்ணீரில் வண்டி வழுக்கிவிட்டது. மணிக்கட்டில் சின்ன விரிசல்தான். அம்மா அதைக் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்கப் பெரிதாக்கிவிட்டாள். பார்க்க வருகிறவர்கள் சாத்துக்குடி கொண்டுவருகிறார்கள். உனக்கும் அப்போது சாத்துக்குடிதான் வந்தது. அம்மா அவற்றை யாருக்காவது கொடுத்துவிடுகிறாள்.

அப்பாவுக்கு இது கடைசி வருடம். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இப்போதே அட்டைப் பெட்டிகள் சேர்க்கிறார். உன் டிராயிங் ஆபீஸில் எல்லா மேசைகளிலும் கம்ப்யூட்டர் வந்துவிட்டதாம். பின்பக்கம் நீ வைத்த மருதாணிச் செடியை என்ன செய்வது என்று யாரும் பேசுவதில்லை.

இதையெல்லாம் சொல்ல உட்காரவில்லை. பேனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

*

ஹில்டா ஆன்ட்டி முதன்முதலில் கோவிலுக்கு வந்த ஞாயிறு எனக்கு ஞாபகம் இருக்கிறது. நம் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு வந்த பெரிய இயந்திரத்தைப் பூட்டுவதற்காக ஜெர்மனியிலிருந்து வந்த எஞ்சினியரின் மனைவி. பெண்கள் பக்கம் தரையில் உட்காரத் தெரியாமல் தவித்தார். நீ நகர்ந்து சுவரோரம் இடம் கொடுத்தாய். அவர் சாய்ந்துகொண்டார். அவ்வளவுதான் ஆரம்பம்.

பிறகு எல்லா ஞாயிறும் நம் வீட்டுக்கு வந்தார். நீ கோவில் பீடத் துணிக்குப் பூ வேலை செய்துகொண்டிருப்பாய். அவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. உனக்கு ஆங்கிலம் பாதியில் நின்றுவிடும். என்ன பேசினீர்களோ. உள்ளறையில் பாடம் படித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும். அம்மா சொல்வாள்: "ரெண்டு ஊமைங்க சேந்தா இவ்ளோ சத்தமா?"

பூ வேலையை நீ இடது கையால் செய்வாய். எழுதுவது, சாப்பிடுவது, ஆபீஸில் கோடு போடுவது எல்லாம் வலது கை. உன் சின்ன வயதில் அதை மாற்றினார்கள். பள்ளியில் அடி. வீட்டில் அம்மா உன் இடது கையை ரிப்பனால் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டிவிட்டு ஹோம்வொர்க் எழுதவைப்பாளாம். ஊசி நூலை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. அது உன் பழைய கையிலேயே தங்கிவிட்டது.

வேலை முடிந்து அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். புறப்படும் முன் ஒரு மரப்பெட்டியை உன் மடியில் வைத்தார் ஹில்டா ஆன்ட்டி. ஊருக்குச் சொல்லி வரவழைத்திருந்தாராம். உள்ளே பேனா. பழுப்பு நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தேன் ஓடுகிற மாதிரி இருக்கும். "உங்கள் கரியின் நிறம்," என்றார். பெட்டியில் 'லிமிடெட் எடிஷன்' என்று அச்சிட்டிருந்தது. மூடியின் வளையத்தில் அதன் எண் பொறித்திருந்தது: 212. இந்த மாதிரிப் பேனா சில நூறுதான் செய்தார்கள், இனி செய்யமாட்டார்கள் என்று விரல்களை மடக்கி, கையை விரித்துப் புரியவைத்தார். பிறகு காற்றில் எழுதிக் காட்டினார். "யூ ரைட். டு மீ."

அன்று மத்தியானம் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா கையைக் கழுவித் துடைத்துவிட்டு அதை வாங்கிப் பார்த்தார். நீ அதற்குள் மை நிரப்பியிருந்தாய். அவர் எழுதினார். கீறியது. உதறிவிட்டு மறுபடி எழுதினார். பாதி எழுத்து விழுந்தது, பாதி விழவில்லை.

"லிமிடெட் எடிஷன்னா என்னம்மா?"

"கொஞ்சம்தான் செய்வாங்களாம்ப்பா."

"அதான் கொஞ்சமா எழுதுது."

அம்மா எட்டிப் பார்த்தாள். "வெள்ளக்காரம்மா கழிச்சுப் போட்டத பொட்டியில வச்சுக் குடுத்துட்டாங்களா?"

"சும்மா இரும்மா."

"இன்னும் பர்மனென்ட் ஆவல, அதான்," என்றார் அப்பா. "இப்போதைக்குக் காண்ட்ராக்ட். போவப் போவ எழுதும்."

எல்லோரும் சிரித்தோம். நீயும்.

பிறகு நீ மட்டும் அதோடு உட்கார்ந்திருந்தாய். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினாய். மையை மாற்றினாய். தாளை மாற்றினாய். டிரேசிங் தாளில் மயிரிழைக் கோடு போடுகிறவள் நீ. பென்சில் நுனி உன் பேச்சைக் கேட்கும். இந்த நிப் கேட்கவில்லை. "என் கை கனமா இருக்குதோ என்னமோ" என்றாய். பேனாவை நீ குறை சொல்லவே இல்லை.

முதல் கடிதம் ஜெர்மனியிலிருந்து வந்தது. பெரிய பெரிய ஆங்கில எழுத்துக்கள், நமக்குப் புரியட்டும் என்று. அதில் கடைசி வரி: பேனா எப்படி எழுதுகிறது?

நீ பதில் எழுதவில்லை. நான் கேட்டேன். "வேற பேனாவுல எழுதேன்க்கா."

"கண்டுபுடிச்சிடுவாங்கடா."

"சரி, எழுதலன்னு சொல்லிடு."

"ஆசையா வாங்கிக் குடுத்தவங்ககிட்ட அப்பிடிச் சொல்லுவாங்களா யாராவது?"

"அப்ப நல்லா எழுதுதுன்னு சொல்லு."

"பொய்யிடா."

அங்கேயே நின்றுவிட்டாய். அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில். இரண்டாவது கடிதம் வந்தபோது முதல் கடிதத்துக்குப் பதில் போடாத வெட்கமும் சேர்ந்துகொண்டது. ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது, பெயர் மட்டும் போட்டு. அதற்குப் பிறகு தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போகும்போது நீ கேட்பதை நிறுத்திக்கொண்டாய்.

ஆனால் பேனாவை விடவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பீரோவிலிருந்து எடுப்பாய். தண்ணீர் இழுத்து விடுவாய். மல் துணியால் துடைப்பாய். அவர் உட்கார்ந்த அதே நாற்காலியில், அவர் வரும் அதே நேரத்தில். உன் ஆபீஸ் அதிகாரி ஒருவர் பேனா சேர்க்கிறவர். எண் போட்ட பேனா என்று கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். எழுதாத பேனாவை வைத்து என்ன செய்யப் போகிறாய், என்னிடம் கொடு என்றார். நீ காபி கொடுத்தாய். "இது என் பேருக்கு வந்தது சார்" என்றாய். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

*

உனக்குக் காமாலை முற்றியதும், பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியும், அதற்குப் பிறகு நடந்ததும் உனக்குத் தெரியும். அதை எழுத மாட்டேன்.

நேற்று கல்லறைத் திருநாள். உனக்கு இரண்டாவது. அப்பா போன வாரமே உன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தார். மழை பாதியைக் கழுவிவிட்டது.

அதற்கு முந்தின நாள் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். பூசையில் வாசிக்கப்படும் இறந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் இல்லையா. எப்போதும் நான்தான் எழுதுவேன். அப்பா ஷிஃப்டில் இருந்தார். அம்மாவுக்குக் கண்ணாடியைக் காணோம்.

"பீச்சாங்கையால கிறுக்கிக் குடுடா. சாமியாரு படிச்சுக்குவாரு."

பால்பாயின்ட் பேனாவை இடது கையில் பிடித்தேன். அழுத்தத் தெரியவில்லை. தாளில் வெள்ளைப் பள்ளம்தான் விழுந்தது.

"மை பேனான்னா அழுத்த வேணாம் இல்ல? செலினுது எடுத்துக்கினு வரவா?"

"அது எங்க எழுதுதும்மா?"

"எழுதாத கைக்கு எழுதாத பேனா. இன்னா கெட்டுப்போச்சு?"

சிரித்துக்கொண்டே மை நிரப்பினாள். நான் வாங்கி, முதல் பெயராக உன் பெயரை எழுதினேன். செ.

அக்கா, அது ஓடியது.

கொம்பின் சுழி முழுதாக விழுந்தது. கீறல் இல்லை, இடையில் அறுபடவில்லை. எண்ணெய் போட்டது மாதிரி தாளின்மேல் போனது. லி. ன். எழுத்து எனக்குக் கோணல்மாணலாக வந்தது. மை மட்டும் ஒரே சீராக இறங்கியது. நான் நிறுத்திவிட்டேன். கட்டுக்கு வெளியே தெரிந்த வலது கை விரல்களில் அதைச் செருகி ஒரு கோடு இழுத்தேன். கீறியது. இடது கைக்கு மாற்றினேன். ஓடியது.

உன் பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்து நிப்பைப் பார்த்தேன். நுனி நேராக இல்லை. சரிவாக வெட்டியிருக்கிறது. இடது கை சாயும் பக்கத்துக்குச் சரிவு.

அந்தப் பேனாவில் பழுதே இல்லை. கடையில் அடுக்கியிருந்ததில் ஒன்றை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. இருந்த சில நூறில் ஒன்றுக்கு இடது கை நிப் வேண்டும் என்று சொல்லிச் செய்திருக்கிறார். அத்தனை ஞாயிறும் அந்த நாற்காலியிலிருந்து அவர் பூ வேலையைப் பார்க்கவில்லை. உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாம் அதை எத்தனை தாளில், எத்தனை மையில் எழுதிப் பார்த்தோம். கையை மட்டும் மாற்றிப் பார்க்கவில்லை. வீட்டில் தனியாக இருந்த நேரங்களில் உனக்காவது தோன்றவில்லையா? தோன்றி, பேனா கை மாறுவதற்குள் யாரோ பார்க்கிறார்கள் என்று இழுத்துக்கொண்டாயா? அந்த ரிப்பனை எப்போது அவிழ்த்தார்கள், அக்கா? அவிழ்த்தார்களா?

*

அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது. அவள் பேனாவை வாங்கி, வலது கையால் தாளில் சிலுவை போட்டாள். கீறியது. இடது கைக்கு மாற்றிப் போட்டாள். இரண்டு கோடும் விழுந்தன. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்டா ரிப்பன் கட்டினேன்."

"தெரியும்மா."

"பள்ளிக்கூடத்துல முட்டியிலயே அடிக்கிறாங்களேன்னு கட்டினேன். வூட்டுலயே பழகிட்டா அங்க அடி வாங்க மாட்டாளேன்னு."

அவள் எழுந்து போய் அரிசி களைந்தாள். திரும்பி வந்தபோது கை ஈரமாகவே இருந்தது.

"அந்தம்மாவுக்கு எழுதுடா."

"இத்தன வருஷம் கழிச்சா? அட்ரஸ் அதேதானான்னு தெரியாது. அவங்க இருக்காங்களோ என்னமோ."

"இருந்தா படிக்கட்டும். இல்லன்னா இந்நேரம் செலின்கிட்ட நேர்லயே கேட்டுக்கினு இருப்பாங்க." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "ரிப்பன் கட்டினதையும் எழுது. நான்தான்னு எழுது. அவ மேல அந்தம்மாவுக்கு ஒரு மனக்குறையும் இருக்கக் கூடாது."

நேற்று சாமியார் பெயர்களை வாசித்தபோது உன் பெயரில் ஒரு நொடி தயங்கினார். என் கையெழுத்து அப்படி. அம்மா என் முழங்கையை இடித்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. உன்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தக் கடிதத்தை எழுதுவதும் அதே பேனாதான். மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். விரல் வலிக்கிறது. ஆறு வயதில் உனக்கும் இப்படித்தான் வலித்திருக்கும், அந்தப் பக்கத்துக் கையில்.

அடுத்து ஹில்டா ஆன்ட்டிக்கு எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்தின் உறையில் இருக்கும் முகவரிக்கே போடுகிறேன். திரும்பி வந்தால் மறுபடி போடுவேன். கட்டுப் பிரித்த பிறகும் இந்தப் பேனாவை என் வலது கை தொடாது. அதற்கு நான் பொறுப்பு. ரிப்பன் பற்றி எழுதுவேன். உன்னைப் பற்றி எழுதுவேன், எப்படி எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

முதல் வரி மட்டும் தயாராக இருக்கிறது. நீ எழுத முடியாமல் வைத்திருந்த வரி. இப்போது அதை எழுதலாம் அக்கா, பொய் இல்லை.

அன்புள்ள ஹில்டா ஆன்ட்டி, நீங்கள் செலினுக்குக் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது.

இடது கையால்,
உன் தம்பி
பெஞ்சமின்