முறியாத ஓலை நறுக்கு

முரசு முழங்கியது உண்மை. பகைவர் வந்தது பொய். இவ்வளவை மட்டும் அன்றே குதிரைவீரன் வாயிலாகப் பவளத்துறைக்குச் சொல்லியனுப்பினேன். ஏன் முழங்கியது என்பதை அவன் அறியான். அதை வாய்ச்சொல்லாக அனுப்பத் துணியாமல் இவ்வோலையை வரைகிறேன்.

ஏறுமலை நாட்டின் மணிமுடிக்கு உரியவரும், பவளத்துறையின் காவலரும், கடல் கடந்து வருவோர்க்கெல்லாம் அஞ்சேல் என்று கைகாட்டும் செங்கோலை இளவயதிலேயே ஏந்தியவருமான இளவரசி அமரநங்கைத் தேவியார் திருமுன்பு, புன்னைவாயில் அரண்மனை ஓலைநாயகம் கூத்தன் எழினி வணங்கி எழுதுவது: தங்கள் துறையில் விளக்கு அணையாதிருக்க. தங்கள் குடிகளின் வலை வெறுமையாய் மீளாதிருக்க. இதன்பின் ‘இங்கு யாவரும் நலம்’ என்று எழுதுவது மரபு. இம்முறை அதை எழுத என் எழுத்தாணி ஓடவில்லை.

தங்கள் தந்தையார், பேரரசர் நெடுங்கோவேள் பெருமான், உயிரோடும் உடல்வலிவோடும் இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிட்டேன். மற்றதைச் சொல்ல அவருடைய நாட்பணி ஓலையிலிருந்து தொடங்க வேண்டும்.

காலையில் ஓலைமண்டபம் கொடுக்கும் பணிகளைத் தலைப்பிலிருந்து கடைசிவரை வரிசை மாறாமல் செய்வதே ஏறுமலை அரசர்களின் பழைய வழக்கம். கோயில், படை, களஞ்சியம், வழக்கு என எவர் முடிசூடினாலும் வரிசை ஒன்றே. தங்கள் தந்தையார் முடிசூடிய ஆண்டிலேயே, “என் பாட்டனார் செருப்பை மாட்டிக்கொண்டு நான் ஓட வேண்டுமா, எழினி?” என்று கேட்டு அதை மாற்றினார். நீண்ட ஓலையைச் சிறு நறுக்குகளாக வெட்டி, நறுக்குக்கு ஒரு வேலை எழுதி, நூலில் கோத்து இடையில் தொங்கவிடச் சொன்னார். பசி வந்தால் அவருக்குச் சினம் வரும். ஆகவே படைத்தலைவர்களைக் கண்டிக்கும் வேலைகள் சிவப்பு நூலில் உணவுக்கு முன்பும், வழக்குகளும் மன்னிப்புகளும் வெள்ளை நூலில் உணவுக்குப் பின்பும் வந்தன. உட்கார்ந்து கேட்டால் உறங்கிவிடுவார் என்பதால் எல்லைச் செய்திகளைத் தோட்டத்தில் நடந்துகொண்டே கேட்டார். முடிந்த வேலையின் நறுக்கை இரண்டாக முறித்துச் செப்புக்குடத்தில் போடுவார். அந்த ‘படக்’ என்ற ஓசையை எந்த யாழோசையையும்விட விரும்பினார். எதிர்பாராது வரும் வேலைக்கென்று கடைசியில் எப்போதும் ஒரு வெற்று நறுக்கு இருக்கும். தமக்கென்று தாமே வகுத்துக்கொண்ட அந்த முறையால் முன்னோர் ஒரு திங்களில் செய்ததை அவர் பத்து நாளில் செய்தார்.

தேவியார் இதுவரை அறியாததை இப்போது சொல்கிறேன். அறியவிடலாகாது என்பது அவர் எனக்கு இட்ட ஆணை. சென்ற மழைக்காலத்திற்கு முன்பிருந்தே பெருமானுக்கு மறதி. முதலில் பெயர்கள் போயின. ‘படைத்தலைவரைக் காண்க’ என்ற நறுக்கு, ‘மீசையில் தழும்போடு வலப்புறம் நிற்பவர் படைத்தலைவர், அவர் மகனுக்குக் காய்ச்சல், விசாரிக்க’ என்று நீண்டது. பிறகு வழிகள் போயின. ஒவ்வொரு நறுக்கிலும் எந்த வாயில், எந்தப் பக்கம் என்று எழுதினோம். பிறகு நீண்ட வரிகளே அவரைக் களைப்புறச் செய்தன. நறுக்குகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, பெரிய எழுத்தில் எழுதினோம். ஓலையை அவருக்கு ஏற்றவாறு குறைத்துக்கொண்டே வந்தோம். வேலைகள் குறைந்ததை அவையில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அரசருக்கு வயதாகிறது என்று நினைத்தார்கள்.

எத்தனை குறைத்தாலும் நான் எடுக்காத நறுக்கு ஒன்று உண்டு: ‘இளவரசிக்கு அழைப்போலை’. அரசரின் கைப்பட எழுதிய அழைப்பு இல்லாமல் முடிக்குரியவர் தலைநகர் வாயிலை மிதிக்கலாகாது என்ற சட்டம் தாங்கள் அறிந்ததே. இந்த முழுநிலவில் வடகரை நாட்டுத் தூதர் வருகிறார் என்பதும் தாங்கள் அறிந்ததே. ஆற்றில் கை நனைத்து, கையில் ஓலை ஏதுமின்றி, சமாதான உறுதிமொழியை மனத்திலிருந்து சொல்ல வேண்டும். அரசர் சொல்லலாம், அல்லது அவர் அருகே நின்று முடிக்குரியவர் சொல்லலாம். வேறு எவர் சொன்னாலும் செல்லாது. பெருமானால் நான்கு வரியைச் சேர்ந்தாற்போல் சொல்ல இயலாது. தூதர் முன்னிலையில் அவர் தடுமாறினால், காவலில்லாத வீட்டைப் பார்த்துவிட்டவர்களாக வடகரையார் திரும்புவார்கள். அறுவடைக்குள் படையோடு வருவார்கள். ஆகவே ஒவ்வொரு காலையும் அந்த நறுக்கை முதலாவதாகக் கோத்தேன். ஒவ்வொரு மாலையும் அது முறியாமல் திரும்பி வந்தது. மறந்துவிடுகிறார் என்றே எண்ணினேன்.

இனி முரசைப் பற்றி.

அமாவாசைதோறும் அரசர் தம் கையால் முரசை மும்முறை அடித்துத் தோலின் இறுக்கத்தைச் சோதிப்பார். முன்னதாகவே ஊருக்குப் பறைசாற்றிவிடுவார்கள். அன்றும் காலையில் சோதித்தார். நறுக்கை முறித்துக் குடத்தில் போட்டார். ஆனால் சோதனையை மறந்துவிடுவோமோ என்று அஞ்சி, அதற்கு முன்பே அவர் அந்த வெற்று நறுக்கில் ‘முரசு அடி’ என்று தம் கையாலேயே எழுதி வைத்திருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. மும்முறை என்பதை எழுதவில்லை. நண்பகல் உணவுக்குப் பின் அந்த நறுக்கு அவர் கண்ணில் பட்டது.

முரசுக்காவலன் கொற்றன் எதிரே ஓடிவந்து தடுத்திருக்கிறான்.

“காலையிலேயே அடிச்சாச்சே, பெருமானே! தோல் நல்லா இருக்குன்னு நீங்களே சொன்னீங்களே!”

“அடேய், இது யார் எழுத்து? படித்துப் பார்.”

“உங்க எழுத்துதான். ஆனா…”

“என் எழுத்தைவிட உன் நாக்கு பெரிதோ? விலகு!”

அரசர் கையில் முரசுக்கோல் இருக்கையில் அவரை எவரும் தொடலாகாது. கொற்றன் விலகினான். மூன்றோடு நின்றால் சோதனை. நில்லாமல் முழங்கினால் பகை. பெருமான் கை ஓயும்வரை அடித்தார். எல்லை முரசுகள் அதை வாங்கித் தங்கள் துறைவரை கொண்டுசேர்த்தன. இங்கே கோட்டை வாயில்களை இழுத்து மூடினார்கள். வெளியே சந்தையில் நின்ற கூட்டம் மூடும் கதவுகளை நோக்கிப் பாய்ந்தது. அந்த நெரிசலில் ஓர் உயிர் போயிற்று. கணவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்த தூமணி, கொற்றனின் மனைவி.

செய்தியைச் சொன்னபோது பெருமான் அழுதார். மாலையில், “முற்றத்தில் ஏன் எல்லோரும் தலைகுனிந்து நிற்கிறார்கள்?” என்று கேட்டார். மறுபடியும் சொன்னேன். மறுபடியும், அப்போதுதான் கேட்டவராக, அழுதார். மறுநாள் நறுக்கில் அதை எழுதாமல் விட்டுவிட எண்ணினேன். ஒரு மனிதர் எத்தனை முறை அதைக் கேட்பது? ஆனால் அன்று மாலையே, நினைவு தங்கியிருந்த சிறு பொழுதில், அவரே எழுத்தாணியை வாங்கி எழுதினார்: ‘முரசுக்காவலன் வீட்டுக்குப் போ. அவன் மனைவி இறந்தது உன்னால்.’ “இதை முறித்தாலும் நாளைக்கு இதையே வேறொரு நறுக்கில் எழுதிக் கோத்துவிடு” என்று ஆணையிட்டார்.

அன்றுமுதல் நாள்தோறும் போகிறார். நடந்தே போவார், வாசலில் நின்று மன்னிப்புக் கேட்பார், திரும்பி வந்து நறுக்கை முறிப்பார். முறியும் ஓசை இப்போது அவருக்கு இனிப்பதில்லை. மறுநாள் காலை மீண்டும் முதல்முறையாக அறிவார். நேற்று நான் உடன் சென்றிருந்தேன். பெருமான் முன்னே நடக்க, கொற்றன் என் கையைப் பற்றி நிறுத்தினான்.

“ஐயா, தினமும் அவருக்கு அது புதுச் சாவு. நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்புறேன். என் பெண்டாட்டிக்கு நான் எப்பய்யா அழறது?”

பெருமான் அதைக் கேட்டுவிட்டார். நேரே அரண்மனைக்கு நடந்தார். ஓலைமண்டபத்துக்குள் தாமே வந்து, நின்றபடியே அழைப்பை எழுதி, ஏறு முத்திரையை அழுத்தினார். அவர் எழுதியதை அப்படியே படியெடுக்கிறேன்:

‘நெடுங்கோவேள் ஆணை. மகள் அமரநங்கை முழுநிலவுக்கு முன் புன்னைவாயில் வந்துசேர்க. ஆற்றுவாயில் வழியே, படையின்றி வருக. தூதர் முன் உறுதிமொழியை நீ சொல். அன்றுமுதல் முரசுக்கோல் உன் கையில். என் நாட்பணி ஓலையை நீ எடுத்துக்கொள்ளாதே. அது எனக்கென்று வெட்டியது. நீ எந்த வேளையில் தெளிவாய் இருப்பாய், எப்போது சினப்பாய் என்று பார்த்து உனக்கென்று ஒன்று வகுத்துக்கொள். வெற்று நறுக்கு மட்டும் வைக்காதே. கொற்றனை அவன் ஊருக்கு அனுப்பிவை. அவன் எங்கே போனான் என்று என்னிடம் சொல்லாதே.’

இவ்வாணையைத் தலைமேற்கொண்டு தேவியார் ஓலை கண்ட அன்றே புறப்படுக. ஆற்றுவாயிற் காவலர்க்குச் சொல்லப்பட்டது. பெருமானின் கையெழுத்தோலை இத்துடன் தனியே வருகிறது. ஏறு முத்திரை பிளவுபட்டிருந்தால் நம்பற்க. ஓலைமண்டபத்து அரக்கும் நூலும் சான்றாக, எழுதினேன் கூத்தன் எழினி.

முத்திரையிட்ட பின் எழுதுவது முறையன்று. ஆயினும் ஒன்றை எழுதாமல் இந்நூலைக் கட்ட மனம் வரவில்லை. அழைப்பு நறுக்கை முறிக்குமுன் பெருமான் அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். இத்தனை நாளும் இது மறந்துபோயிற்றா என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அவர் சொன்னது இது:

“மற்றதெல்லாம் மறந்தேன், எழினி; இதை ஒருநாளும் மறக்கவில்லை. அவள் எதிரே வந்து நிற்கும்போது ‘யாரம்மா நீ’ என்று கேட்டுவிடுவேனோ என்றுதான் முறிக்காமல் வைத்திருந்தேன்.”