ஓவர் சொல்லாத மச்சானுக்கு

மச்சான்,

உங்கள் சிவப்புப் பொட்டு பொய் சொல்கிறது.

இன்று காலையும் பால்கனிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்கள் செம்பு வளையம் இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு கிரில்லில் கட்டப்பட்டு நிற்கிறது. உங்கள் தங்கையிடம் நகப்பூச்சு வாங்கி அதன் திருகில் நீங்கள் வைத்த பொட்டை, எதிரே கீறிய கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்தேன். பொட்டும் கோடும் சேர்ந்தால் நாம் பேசுகிற அலைவரிசையில் ஆண்டெனா தானாக வந்து உட்காரும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். உட்காரவில்லை. ஒரு மயிரிழை இந்தப் பக்கம் திருப்பினேன், ஒரு மயிரிழை அந்தப் பக்கம் திருப்பினேன். ரேடியோவில் இரைச்சல் சட்டென்று பொங்குகிற இடம் ஒன்று உண்டே, அது தட்டுப்பட்டது. கையை எடுத்தேன், போய்விட்டது. கை பக்கத்தில் இருந்தால் ஒரு பேச்சு, எடுத்தால் ஒரு பேச்சு. இப்படி ஒரு ரோஷக்காரச் சாமானை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்கள்.

போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. மருந்துக் கம்பெனி பையைத் தூக்கிக்கொண்டு விருத்தாசலம் முதல் சீர்காழி வரை டாக்டர் டாக்டராகப் பிரஷர் மாத்திரையின் பெருமை பேசினீர்கள். உங்கள் பிரஷருக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளத் தெரியவில்லை. உங்கள் தங்கை செல்வி கேட்கும்போதெல்லாம் "போட்டுட்டேம்மா" என்பீர்கள். அறையை ஒழிக்கப் போனபோது அலமாரியில் பிரிக்காத அட்டைகள் கிடந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு அவள் அழவில்லை. "பாருங்க, அண்ணன் எவ்ளோ பெரிய பொய்யன்" என்று சொல்லிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

இந்த வளைய ஆண்டெனா நம் வீட்டுக்குள் வந்ததே எங்கள் அடுக்ககத்துச் செயலாளரால்தான். மொட்டை மாடியில் நான் நீளமாகக் கட்டியிருந்த கம்பியைப் பார்த்துவிட்டு, இடி இறங்கினால் யார் பொறுப்பு என்று கேட்டார். அறுத்துக் கீழே போட்ட பிறகுதான் கேட்டார். ஹாம் ரேடியோவில் பேச அரசு கொடுத்த லைசென்ஸைக் கொண்டுபோய்க் காட்டினேன், அதை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி, கம்பி மட்டும் வேண்டாம் என்றார். உங்களுக்கு போன் செய்து புலம்பியபோது நீங்கள் சிரித்தீர்கள்.

"கம்பி எதுக்கு மாப்ள? ஒரு வளையம் போதும். தட்டுல இட்லி வெக்கிற எடம் போதும் அதுக்கு. யாராவது கேட்டா துண்டு காயப்போடறதுன்னு சொல்லிக்க."

பண்ருட்டியில் ஏசி மெக்கானிக் ஒருவரிடம் செம்புக் குழாய் வாங்கி வந்தீர்கள், கூடவே ஒரு பலாப்பழமும். பலாப்பழம் தீர்வதற்குள் இரண்டு வளையங்கள் செய்துவிட்டோம். உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய தகட்டுக் கண்டென்சர்கள், உள்ளே ஒரு சின்ன வளையம், அவ்வளவுதான். துண்டு காயப்போடுவது என்று நீங்கள் சொன்னதைச் செல்வி நிஜமாகவே எடுத்துக்கொண்டு என் வளையத்தில் ஈரத் துண்டைப் போட்டாள். அன்றைக்கு நான் அரை நாள் திருகைத் திருகிக்கொண்டிருந்தேன்.

உங்கள் வளையத்தைச் சிதம்பரம் கொண்டுபோன பேருந்துப் பயணம் நினைவிருக்கிறதா? கீறல் படக்கூடாது என்று பழைய வெள்ளை வேட்டியில் சுற்றியிருந்தீர்கள். கடலூர் நிலையத்தில் கண்டக்டர் அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"என்னா சார், மலர்வளையமா? யாரு தவறிட்டாங்க?"

நீங்கள் முகத்தை உடனே தொங்கப் போட்டுக்கொண்டு, "தூரத்து சொந்தம்" என்றீர்கள். ஓர் அம்மா எழுந்து இடம் கொடுத்தார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை முனை எல்லாம் தாண்டிச் சிதம்பரம் வரைக்கும் துக்கத்தோடு உட்கார்ந்து வந்தீர்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தேன். இறங்கிய பிறகு, "பாத்தியா, இந்த ஆண்டெனா முதல் நாளே வேல செய்யிது" என்றீர்கள்.

பிறகு ஆரம்பித்தது நம் வீம்பு. சிதம்பரம் அண்ணாமலை நகரில் மாணவர் லாட்ஜின் மேல்மாடியில் உங்கள் ஒற்றை அறை. மஞ்சக்குப்பத்தில் என் பால்கனி. இரண்டு பேரும் வளையத்திலேயே, குறைந்த மின்சக்தியிலேயே, ஒருவர் குரலை ஒருவர் கேட்டு, ஒருவருக்கு ஒருவர் பதில் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் அது ஒரு தொடர்பு. ஒரு பக்கம் மட்டும் கேட்டால் கணக்கில் சேராது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலைப் பலகாரம் முடிந்ததும் உட்காருவோம். செல்வி தட்டை எடுத்துக்கொண்டே கேட்பாள்:

"பக்கத்து ஊரு. போன எடுத்துப் பேசினா என்னா?"

அவள் கேட்டதை ஒரு நாள் உங்களிடம் சொன்னேன். அப்போது மட்டும் நீங்கள் விளையாடவில்லை.

"புயல் வந்தா டவரு போவுது, கரண்டு போவுது, ரோடு போவுது. போன தடவ ஒரு வாரம் உங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்கீங்களான்னே எனக்குத் தெரியல மாப்ள. அப்ப உனக்கும் எனக்கும் நடுவுல என்னா இருந்துச்சி? வெள்ளாறும் பரவனாறுந்தான் இருந்துச்சி."

எல்லோரும் பேசி முடித்ததும் ஓவர் என்பார்கள். நீங்கள் சொல்ல மாட்டீர்கள். "ஓவர்னா முடிஞ்சி போச்சின்னு அர்த்தம். எதுக்கு முடிக்கணும்? உன் பக்கம்னு சொல்லு" என்பீர்கள். உங்கள் அழைப்பு எப்போதும் "உன் பக்கம், மாப்ள" என்றுதான் நிற்குமாம். நிற்குமாம் என்றுதான் எழுத முடிகிறது, ஏனென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட எனக்கு அது கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருக்குக் கேட்டது. "சிதம்பரம், வடிவாக் கேக்குது" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. நீங்கள் சொன்னது கேட்கவில்லை. கடல் தாண்டிப் போகிற குரலுக்குக் கடலூர் தெரியவில்லை.

உங்கள் சிக்னல் மேலே எழும்பிப் போய் ஊரைத் தாண்டித்தான் இறங்குகிறது, வளையம் இதற்கெல்லாம் லாயக்கில்லை என்றேன் நான். இல்லை, உன் வீட்டில்தான் ஏதோ ஒன்று கத்துகிறது, அந்தச் சத்தத்தில் நான் அமுங்கிப் போகிறேன் என்றீர்கள் நீங்கள். ரோஷத்தில் ஒரு நாள் வீட்டு மெயினையே அணைத்துப் பார்த்தேன். ரேடியோ தனி பேட்டரியில் ஓடுவதால் அதற்கு ஒன்றும் இல்லை. இரைச்சல் அப்படியே இருந்தது, சொல்லப்போனால் கூடத்தான் செய்தது. போனில் உங்களைக் கூப்பிட்டு, "மெயினையே அணைச்சிட்டேன் மச்சான், இப்ப என்னா சொல்றீங்க?" என்று கேட்டேன். "அப்பவும் உன் வீடுதான்" என்றீர்கள். இதற்குப் பெயர் வாதமா?

கடைசி ஞாயிற்றுக்கிழமை எனக்கு அலுத்துப்போனது. இனிமேல் இந்த வளையத்தைத் தொட மாட்டேன், பழைய இரும்புக்காரனுக்குப் போடப் போகிறேன் என்று போனில் கத்தினேன். நீங்கள் பதறிப்போய்ச் சொன்னீர்கள்:

"போட்டுடாத மாப்ள. நான் உன்ன கேட்டேன். இன்னிக்கு நல்லா கேட்டேன். நீதான் என்ன கேக்கல."

"சும்மா சொல்லாதீங்க மச்சான்."

"சும்மா சொல்றனா? வர ஞாயித்துக்கெழம பாரு."

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு நீங்கள் இல்லை. அங்கேதான் என் கோபம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. மாத்திரை போடாமல் போட்டேன் என்று சொன்ன மனிதர், கேட்காமல் கேட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னீர்களா, நிஜமாகவே என் குரல் அங்கே வந்ததா? இதைக் கேட்க உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

காரியம் முடிந்ததும் வளையத்தைக் கழற்றி இங்கே கொண்டுவந்து பொட்டை வைத்து முயன்றேன், வரவில்லை. ஆடி மாதம் யாரும் குடிவர மாட்டார்கள் என்பதால் அறை உங்கள் சாமான்களோடு பூட்டியே கிடந்தது. ஆவணி பிறந்தால் ஆள் வருகிறது, ஒழித்துக் கொடுங்கள் என்று வீட்டுக்காரர் போன் செய்தார். ஒழிக்கப் போன அன்றுதான், உங்கள் பால்கனி கிரில்லில் வளையம் உரசி உரசித் துரு போயிருந்த இரண்டு இடங்களைப் பார்த்தேன். அந்த இரும்புக்கும் அந்தச் சுவருக்கும் பக்கத்தில் வைத்து நீங்கள் போட்ட பொட்டு அது. இரும்பு மாறினால் வளையத்தின் பேச்சும் மாறும். தெரிந்த விஷயம்தான். தெரிந்த விஷயம் புத்திக்கு எட்ட இத்தனை நாள் ஆயிற்று. சாவி கொடுக்க இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

வளையத்தை மறுபடியும் அதே வெள்ளை வேட்டியில் சுற்றினேன், உங்கள் ரேடியோவையும் பேட்டரியையும் பையில் போட்டுக்கொண்டேன். பேருந்தில் வேறு ஒரு கண்டக்டர்.

"மலர்வளையமா சார்? யாரு?"

"எங்க மச்சான்."

"வயசானவுரா?"

"இல்ல. பிரஷரு."

"மாத்திர போட்டிருந்தா நின்னிருக்கும் சார்" என்றார் அவர். நான் தலையை ஆட்டினேன். ஒரு பையன் எழுந்து இடம் விட்டான், உட்கார்ந்துகொண்டேன். சிதம்பரம் வரைக்கும் உங்களைத் திட்டிக்கொண்டே போனேன்.

காலி அறை. துரு போன இடத்தில் வளையத்தைப் பொருத்தினேன். பொட்டைக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன். இரைச்சல் பொங்கியது. கையை எடுத்தேன். அப்படியே நின்றது. கையை எடுத்த பிறகு எங்கே நிற்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் பொட்டு வைத்திருக்கிறீர்கள். எனக்கு அதற்கும் எரிச்சல்தான் வந்தது.

மஞ்சக்குப்பத்தில் என் ரேடியோ முன்னால் செல்வியை உட்கார வைத்திருந்தேன். அவளுக்கு லைசென்ஸ் இல்லை, ஆகவே கேட்க மட்டும்தான். கேட்டால் போன் செய் என்று சொல்லியிருந்தேன். மைக்கை எடுத்துக் கூப்பிட்டேன். நம்பிக்கை இல்லாமல்தான் கூப்பிட்டேன். போன் அடித்தது.

"கேக்குதுங்க."

"என்ன கேக்குது?"

"நீங்க பேசறது. கெணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கு, ஆனா கேக்குது. பின்னாடி பசங்க வாலிபால் ஆடறதுகூட கேக்குது. அண்ணன் போன் பண்ணா வருமே, அந்த சத்தம்."

"இரைச்சல் இல்லையா?"

"இருந்துச்சி. மெயின அணைச்சிட்டு இன்வர்ட்டரையும் அணைச்சிட்டேன்."

"இன்வர்ட்டரையுமா?"

"மெயின மட்டும் அணைச்சா இன்வர்ட்டரு எழுந்துக்காதா?" என்றாள் அவள். "அதுதான் ஙொய்யின்னு கத்துது. மாசாமாசம் அதுக்குத் தண்ணி ஊத்தறது நானு. அண்ணன் அத்தினி வாட்டி உங்க வீடுதான் உங்க வீடுதான்னு சொல்லுச்சேன்னு இன்னிக்கு ஒரு வாட்டி செஞ்சி பாத்தேன்."

ஆக, நீங்கள் சொன்னது நிஜம். என் வீடுதான். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் உங்கள் குரல் என் பால்கனி வரைக்கும் வந்து, வீட்டு மூலையில் உறுமிக்கொண்டிருந்த ஒரு பெட்டியிடம் தோற்றுப் போயிருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் இதை வைத்து எனக்கு ஒரு வருஷம் நிம்மதி கொடுத்திருக்க மாட்டீர்கள். தீபாவளிக்குச் சொல்லிக் காட்டுவீர்கள், பொங்கலுக்குச் சொல்லிக் காட்டுவீர்கள். தோற்றுப்போனேன் என்று ஒப்புக்கொள்ள வந்தால் ஜெயித்த ஆளைக் காணோம். இதைவிட அநியாயம் என்ன இருக்கிறது மச்சான்? அன்றைக்கு என் குரல் அவளுக்குக் கேட்டதும் கணக்கில் சேராது. செல்வி ரேடியோவில் பதில் சொல்ல முடியாது. ஒரு பக்கம் மட்டும் கேட்டது, அவ்வளவுதான்.

போனை வைக்கப் போனபோது அவள் சொன்னாள்: "வெச்சிடாதீங்க. இன்னும் கொஞ்சம் பேசுங்க. போன்ல இல்ல, அதுல."

"என்னா பேசறது?"

"எதுனா பேசுங்க."

மைக்கில் பேசினேன். அலமாரி காலியாகிவிட்டது என்றேன். பையன்கள் பந்தை மாடிக்கு அடித்துவிட்டார்கள், எடுத்துப் போட்டேன் என்றேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை. பழக்கத்தில் ஓவர் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, உங்கள் அறையில் நின்று உங்கள் வார்த்தையைச் சொன்னேன். போனில் செல்வி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

சாவியைக் கொடுத்துவிட்டேன். இப்போது அங்கே யாரோ ஒரு மாணவன் துரு போன அந்தக் கிரில்லில் துணி காயப்போடுவான். வளையம் இங்கே வந்துவிட்டது, பொட்டு மறுபடியும் பொய் சொல்கிறது. அதைச் சுரண்டிவிட்டு என் கிரில்லுக்குச் சரியாக வேறு ஒன்று வைத்துக்கொள்ளலாம். செல்வி நகப்பூச்சை எடுத்துக்கொண்டும் வந்தாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பலகாரம் முடிந்ததும் இப்போது அவளே போய் மெயினையும் இன்வர்ட்டரையும் அணைத்துவிட்டு வந்து உட்காருகிறாள். மின்விசிறி இல்லாமல் இருவரும் வேர்க்கிறோம். போன வாரம் என் வளையத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் கிடைத்தார்.

"சிதம்பரத்தைக் கன நாளாக் காணேல்லை. என்ன, சுகமில்லையோ?"

செல்வி என்னைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். "வடிவாக் கேட்ட குரல்" என்றார் அவர்.

எனக்குத்தான் கேட்கவில்லை. இன்றைக்கும் பெட்டி அணைந்திருக்கிறது, வீடு அமைதியாக இருக்கிறது, என் பக்கத்தில் இனி ஒரு குறையும் இல்லை மச்சான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

உங்கள் பக்கம்.