பிழை வந்தால் யாருக்குச் சொல்வது

இன்று காலை இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது போனில் ஒரு வரி வந்தது: 'ரத்தம் கேட்ட செய்தி போகவில்லை. உடனே பார்க்கவும்.' நீ எழுதிய வாக்கியம்டி அது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

கீழ ராஜ வீதியில் ஜெராக்ஸ் கடை மாடியில் நாம் அந்த ரத்ததானச் செயலியைத் தொடங்கிய புதிது. ரத்தம் வேண்டுமென்று யாராவது பதிந்தால், அந்த வகைக்காரர்கள் எல்லோருக்கும் குறுஞ்செய்தி போகும். அனுப்பும் பகுதியை எழுதியது நீ. அன்று மதியம் ஆவுடையார்கோவில்காரர் ஒருவர் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து பதிந்தார். தங்கைக்குப் பிரசவம், ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் வேண்டும். நம் திரையில் 'அனுப்பியாச்சு' என்று பச்சையாக வந்தது. டீ குடிக்கப் போகலாம் என்றாய்.

திரும்பி வந்ததும் அவர் போன் செய்தார். "ஏங்க, அனுப்பிட்டீங்களா? ஒருத்தருமே கூப்புடலையே. டாக்டரு திட்டுறாருங்க." அழுதுவிடுவார் போலிருந்தது.

"போகாம இருந்தா தெரிஞ்சிருக்கும்டி. அதான் ட்ரை-கேட்ச் போட்டிருக்கேன்ல, எது விழுந்தாலும் புடிச்சிக்கும்" என்றாய். நான் நிரலைத் திறந்தேன். குறுஞ்செய்திக் கம்பெனியிடம் வேண்டுகோளைக் கொடுத்த கையோடு, பிழை பிடிக்க நீ போட்ட ட்ரை-கேட்ச் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது. பதில் வருவது அதற்கப்புறம், அதற்கென்றே எழுதிவைக்கும் கால்பேக் என்ற பகுதிக்குள். ஏதாவது பிழை நேர்ந்திருந்தால் அங்கே முதலில் வருவது அதுதான். அதை நீ ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 'அனுப்பியாச்சு' என்பதையோ கால்பேக்குக்கு வெளியே, பதில் வருமுன்பே காட்டும்படி எழுதியிருந்தாய். அந்தக் கம்பெனியில் நம் கணக்கு அன்று காலையே காலாவதியாகியிருந்தது. ஒரு செய்திகூடப் போகவில்லை.

"அறிவிருக்காடி ஒனக்கு? அங்கிட்டு ஒரு உசுரு போய்க்கிட்டிருக்கு!" என்று கத்தினேன். "அப்பறமாத் திட்டு. லிஸ்ட்டுல மேல பாதி நீ கூப்புடு, கீழ பாதி நான்" என்று போனை எடுத்தாய். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் துபாயில் இருந்தார். இன்னொருவர் போன மாதம்தான் கொடுத்தேன் என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அழுதுக்கிட்டே டயல் பண்ணு" என்றாய். கடைசியில் இலுப்பூரில் மருந்துக்கடை வைத்திருப்பவர், "இந்தா, வண்டிய எடுத்துட்டேங்க" என்றார். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள் என்று தெரிந்த பிறகு நீ மாடிப்படியில் உட்கார்ந்து வாந்தியெடுத்தாய்.

மறுநாளே எல்லாவற்றையும் பிரித்து எழுதினாய். எந்தக் கால்பேக்கானாலும் முதலில் பிழையைப் பார்ப்பது, இருந்தால் அங்கேயே நிறுத்துவது, பதில் வந்தால்தான் பச்சை. "புடிச்சா மட்டும் பத்தாதுடி, யாராவது ஒரு மனுசங்கிட்டச் சொல்லணும்" என்று, பிழை வந்தால் வேறொரு கம்பெனி வழியாக நம் இருவர் போனுக்கும், அடியில் மற்றவள் எண்ணோடு, செய்தி வர வைத்தாய்.

போன வருடம் ஒரு காய்ச்சலில் பொசுக்கென்று போய்விட்டாய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

இன்று ரத்தம் கேட்டது கறம்பக்குடியில் விபத்தில் அடிபட்ட ஒருவருக்காக. ஆட்களை நானே போனில் பிடித்து அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். போன் அடித்தது. திரையில் உன் பெயர். எடுத்துக் காதில் வைத்தேன்.

"ஹலோ, யாருங்க? நான் இந்த நம்பரப் புதுசா வாங்கிருக்கேன். ரத்தம் கேட்ட செய்தி போகலைன்னு மெசேஜ் வந்துச்சு, கீழ ஒங்க நம்பர் இருந்துச்சு. நான் பி பாசிட்டிவ். வரவாங்க?"

"மன்னிச்சுக்கங்க, தெரியாம வந்துருச்சு. ஒங்க நம்பர எடுத்துர்றேன்" என்றேன்.

"எதுக்குங்க எடுக்குறீங்க? இருக்கட்டும்" என்றார்.

எண்ணை விட்டுவைத்துவிட்டேன். என் போனில் அதற்கு அவர் பெயரைப் போடத்தான் மனம் வரவில்லை.