உன் முன்கையின் நிறம்

இன்று காலை மேக்கப் பெட்டியைத் திறந்ததும் தேங்காய் எண்ணெயும் ஈர ஸ்பாஞ்சும் கலந்த அந்த வாடை வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய். புது சீரியல், ஆனால் அதே சிட்லபாக்கம் ஷூட்டிங் வீடு, ஏரியைப் பார்த்த அதே மாடி அறை. நாற்காலியில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தொட்டால் சிவக்கும் நிறம். மேனேஜர் வாசலில் நின்றபடியே, "அக்கா, இவங்கதான் ஹீரோயின். கருப்புப் பொண்ணு கேரக்டர். கழுத்து, கை எல்லாம் டார்க் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சரி என்றேன். இதற்கெல்லாம் கோபப்பட இப்போது எனக்குத் தெம்பில்லை. கோபப்பட்டுக் களைத்துப் போனவள் நீ, நான் பக்கத்தில் நின்று பார்த்தே களைத்துவிட்டேன்.

என்னைவிட மூத்தவளாக இருந்தும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாய். கேட்டால், "மேக்கப் போடறவங்க எல்லாரும் அக்காதான். பகைச்சிகினா மூஞ்சி போயிடும்" என்பாய். கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்குவாய். ஸ்டேஷன் வாசலில் உனக்காக நான் நிற்பேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வேலைக்காரி, பூக்காரி, நர்ஸ், ஹீரோயினுக்குத் தூது போகிற தோழி, ஒருமுறை பேய் என்று எத்தனையோ வேஷம் கட்டினாய். பேய்க்குக்கூட ஒரு பழைய காதலன் இருந்தான், ஆனால் அவன் வருகிற காட்சியில் உனக்குப் பதில் வேறொரு சிவப்புப் பெண்ணைப் போட்டார்கள். உயிரோடு இருந்தபோது அவள் அப்படித்தான் இருந்தாளாம். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தாய்.

ஆனால் உன் ஆசை எனக்குத் தெரியும். "ஒரே ஒரு சீன் போதும்க்கா. எவனாவது என் மூஞ்சப் பாத்து, நீ இல்லாம என்னால முடியாதுன்னு சொல்லணும். எங்கம்மா அத டிவில பாக்கணும்" என்று ஆட்டோவில் சொல்லியிருக்கிறாய். மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக உன் கலரைச் சொல்லித் தட்டிக் கழித்ததில் உன்னைவிட அதிகமாக உடைந்து போனவர் உன் அம்மா.

அப்போதுதான் அந்த சீரியல் வந்தது. பணக்கார வீட்டுப் பையன் ஒரு கருப்புப் பெண்ணைக் காதலிக்கிறான், அதுதான் கதையே. நீ பச்சைப் புடவையில் வந்து டெஸ்ட் கொடுத்தாய். வசனம் முடிந்ததும் லைட் பிடிக்கிற பையன்கள் கை தட்டினார்கள். உனக்குத்தான் என்று எல்லோரும் நம்பினோம். அடுத்த வாரம் ஹீரோயின் வெளியூரிலிருந்து விமானத்தில் வந்து இறங்கினாள். உனக்குக் கிடைத்தது அந்த வீட்டு வேலைக்காரி வேஷம். நீ நேரே போய்க் கேட்டாய். அன்றைக்கு இருந்த மேனேஜர் கெட்டவர் இல்லை. தன்மையாகத்தான் சொன்னார்: "நீங்க நல்லாத்தான் பண்ணீங்கம்மா. ஆனா ஹீரோ லவ் பண்றான்னா ஜனங்க நம்பணும்ல."

ஹீரோ உன் நிறம்தான். அவனுக்கு யாரும் எதையும் பூசச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது, "அவன் கருப்பா இருந்தா களையா கீறான்னு சொல்றானுங்க. நான் கருப்பா இருந்தா கையில காபி ட்ரேய குடுக்கறானுங்க" என்றாய்.

அந்த சீரியலின் முதல் நாள் படப்பிடிப்பில் நான் எப்படிக் கலந்தாலும் ஹீரோயினின் முகம் கேமராவில் சாம்பல் பூத்துத் தெரிந்தது. கேமராமேன் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். நீ வேலைக்காரிப் புடவையில் உள்ளே வந்தாய். ட்ரேயைக் கீழே வைத்துவிட்டு, அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் உன் முன்கையை நீட்டினாய். "இத வெச்சுப் பாருக்கா. ஒரிஜினல் இங்க கீது."

உன் கையைப் பார்த்துப் பார்த்துக் கலந்தேன். வெறும் பழுப்பு இல்லை அது. அடியில் கொஞ்சம் சிவப்பும், ஒரு பொட்டு மஞ்சளும் இருந்தது. கேமராமேன், "இதான், இதான் வேணும். என்ன அழகு" என்றார். நீ ட்ரேயை எடுத்துக்கொண்டு ஷாட்டுக்குப் போனாய்.

அன்று பேக்கப் ஆனதும் எண்ணெய் தொட்ட பஞ்சால் அவள் முகத்தைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வெள்ளை முகம் வெளியே வந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நீ முகத்தை என் பக்கம் நீட்டி, "எனக்கும் தொடைச்சு வுடுக்கா. உள்ள இன்னா கலர் கீதுன்னு பாப்போம்" என்றாய். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். நீ மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாய்.

போன மழைக்குப் பிறகு உனக்கு டெங்கு என்றார்கள். பார்க்க வர நான் நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது. ஷூட்டிங்கிலிருந்து பெட்டியோடு அப்படியே கூடுவாஞ்சேரிக்கு ஓடி வந்தேன். உங்கள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். யாரோ என்று தாண்டிப் போய் ஒருவரிடம் உன் வீட்டுக்கு வழி கேட்டேன். அவர் அந்த பேனரைத்தான் காட்டினார். கடைக்காரன் கம்ப்யூட்டரில் உன்னை அப்படி வெளுத்து வைத்திருந்தான்.

வீட்டில் ஐஸ் பெட்டியிலிருந்து உன்னை எடுத்து வெளியே கிடத்தியபோது உன் முகம் முழுக்கப் பவுடர். அம்மாதான் பூசியிருந்தார். கடைசியாகப் பார்க்கிறவர்கள் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று. நான் என் மேக்கப் பெட்டியைத் திறந்து பஞ்சில் எண்ணெய் தொட்டு, உன் கன்னத்தைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"இன்னாத்துக்கும்மா தொடைக்கிற?" என்று கேட்டார் அம்மா.

"அவதான் கேட்டாம்மா" என்றேன்.

அவர் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பெட்டியிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து, மறு கன்னத்தை அவரே துடைத்தார்.

இன்றைக்குப் பெங்களூர்ப் பெண்ணுக்காக நான் கலந்த உன் நிறம் முதல் முறையிலேயே ஓகே ஆகிவிட்டது. மதியம் தோட்டத்தில் காதல் காட்சி. ஹீரோ அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, அவள் இல்லாமல் முடியாது என்று சொன்னான். நான் மானிட்டருக்குப் பின்னால் நின்றேன். அவன் பார்த்துச் சொன்னது உன் நிறத்தை. உன் அம்மா இதைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

மாலையில் அவளுக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது, சீக்கிரம் துடைக்கச் சொன்னாள். துடைத்தேன். அவள் போன பிறகு, உன் நிறம் அப்பிய பஞ்சைக் குப்பைக் கூடையில் போட மனம் வராமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஷெட்யூலுக்கும் இதையேதான் கலக்க வேண்டும். பக்கத்தில் நீட்ட உன் கை வேண்டியதில்லை, என் கைக்கே பழகிவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.