மூக்கைப் பொத்திக் கட்டிய மூட்டை

குட்டிம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் இடுப்புவலி தேவலையா? அத்தைக்கு என் வணக்கம் சொல்.

திங்கட்கிழமை மலையேற வந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு எட்டு நாள் நடையாகப் பனிமலைக் கணவாய்க்குக் கிளம்ப இருந்தோம். மூட்டை கட்டுவது என் வேலை. போன குழு திருப்பித் தந்த தூங்கும் பைகளைப் பிரித்தால், காய்ந்த வாந்தியும் ஈரப் பூஞ்சையுமாக நாறின.

"சென்ட் அடிச்சுக் கட்டுப்பா, மேல குளிர்ல நாத்தம் தெரியாது" என்றார் முதலாளி.

"ஈரப் பையில படுத்தா அங்க விறைச்சே போயிடுவாங்க. நீங்க முதல்ல படுத்துக் காட்டுங்க."

தலையை நுழைத்தவர் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார். பயணம் நான்கு நாள் தள்ளிப்போனது. பன்னிரண்டு பைகளையும் நானே துவைத்தேன். இன்னும் சோறு இறங்கவில்லை, சரியாகிவிடும்.

மூக்கில் கட்டிக்கொள்ள உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. துவைத்துவிடாதே. கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்