முதல் பம்புக்கு வெச்ச பேரு

பெர்த்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலைங்களா? அப்பா மாத்திரையை ஒழுங்காப் போடறாருங்களா? நான் சுகமா இருக்கேன். போன்ல பேசினா குரல் காட்டிக் குடுத்துரும், அதான் எழுதறேன்.

பெருசா ஒண்ணுமில்லைங்க. இந்த ஊருக்குத் தண்ணி தர்ற பம்பு, குழாய், வால்வு எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு கோத்து கம்ப்யூட்டர்ல ஒரு மாடல் செஞ்சேன். எது பழுதானா எதெது நிக்கும், எதை எப்ப மாத்தோணும்னு அது முன்கூட்டியே சொல்லிரும். நம்ம லாரி நெத்தியில எழுதியிருக்கற மாதிரியே, முதல் பம்புக்கு உங்க பேரை வெச்சேன்.

சரிபாக்கச் சொல்லி நானேதான் கூட வேலை செய்யற கௌசிக்கிட்ட குடுத்தேன். அவன் அதை அவனே செஞ்சதா நேத்து மீட்டிங்குல காட்டிட்டான். ஆமாங்க, நம்ம ராசிபுரத்துக் கௌசிக்தான். நீங்க அனுப்பற பருப்புப்பொடியில பாதியைத் தின்னவன்.

"முத்தாயம்மாள்னா என்ன?"ன்னு மேனேஜர் கேட்டாரு.

"எங்கம்மா பேரு"ன்னான், என் மூஞ்சியைப் பாக்காம.

சண்டையெல்லாம் போடலீங்க.

அப்புறம், இனிமே பொடி ஒருத்திக்கு மட்டும் அரைச்சாப் போதும். பஸ் வந்துருச்சு, முடிச்சுக்கறேன்.

இப்படிக்கு,
முத்தாயம்மாள் மகள்
ஜெயப்பிரியா