ரெண்டு பேருக்கும் ஒரே முட்டி

அக்கா,

உன் மகள் உன் முட்டி பெல்ட்டைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். சோப்பு போட்டுக் கசக்கியும் அந்தத் தைல வாசனை போகவில்லை. கடற்காற்றில் என் சமையலறை வரைக்கும் வருகிறது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, கண்ணீருக்கு வெங்காயம் பழி ஏற்றுக்கொண்டது.

நீ போன பிறகு அந்த பெல்ட்டை முதலில் எடுத்தவள் நான்தான். தவக்கால வெள்ளிக்கிழமை, கோவிலில் சிலுவைப்பாதை. ஒவ்வொரு நிலைக்கும் முழந்தாளிட்டு எழ வேண்டுமே. சிலுவை சுமக்கும் ஆண்டவர் இரண்டாம் முறை விழும் நிலையில் நானும் விழுந்தேன். அவர் எழுந்துவிட்டார், என்னால் முடியவில்லை. இரண்டு பெண்கள் கைகொடுத்துத் தூக்கினார்கள். வீட்டுக்கு வந்து உன் பீரோவைக் குடைந்து பெல்ட்டை மாட்டினால், வாசலைத் தாண்டுவதற்குள் வழுக்கிக் கணுக்காலுக்கு வந்துவிட்டது. குச்சிக்காலுக்கு உன் பெல்ட் நிற்குமா?

உன்னை எல்லோரும் உடம்பை வைத்துத்தான் பேசினார்கள். குடத்தோடு மூன்று மாடி ஏறி நீ மூச்சு வாங்கும்போது, "சோத்தைக் கொறைம்மா" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் வைத்தியம் சொன்னார்கள். கிளினிக்கில் அந்த டாக்டர் உன் முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எடை மிஷினைக் காட்டி, வரிசையில் இருந்தவர்கள் காதில் விழும்படி திட்டினார். வெளியே வந்து நீ என்னிடம் பொரிந்தாய்: "அம்மா இன்னா என்ன மாரி குண்டாவா இருந்துச்சு? உன்ன மாரி ஒல்லிதான். அதுக்கு மட்டும் முட்டி எப்டி போச்சாம்? உள்ள போய்க் கேட்டுகினு வா." நான் போகவில்லை.

பிறகு நீயே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாய். முட்டி வலி தீர வேளாங்கண்ணி மணலில் முட்டி போட்டு வருவதாக மாதாவுக்கு வேண்டிக்கொண்டாய். உலகத்தில் வேறு யாருக்காவது இந்த யோசனை வருமா? பாதி வழியில் மணலில் உட்கார்ந்துகொண்டு, "மீதிய நீ போடி. ரெண்டு பேருக்கும் ஒரே முட்டிதான், மாதாவுக்குத் தெரியும்" என்றாய். போனேன். திரும்பி வந்து பார்த்தால், மாங்காய்க் கீற்று தின்றபடி சிரிக்கிறாய். "பாதி வேண்டுதல் உன்துன்னா பாதி வலியும் உன்துதான்."

இப்போது என்னைப் பார்க்கும் டாக்டர் சின்னப் பெண். கையால் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல யாருக்காவது இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள். அம்மாவைச் சொன்னேன், உன்னைச் சொன்னேன். "குருத்தெலும்பு சீக்கிரம் தேயறது சில குடும்பத்துல வரும். உடம்பு போடறதுகூட சிலருக்குப் பொறப்புல வர்றதுதான். அது யார் தப்பும் இல்ல. ஆனா எடை ஏற ஏற முட்டிக்கு பாரம். அதை மட்டும் நாம கொஞ்சம் கொறைக்கலாம்" என்றாள். நீ கேட்டுவரச் சொன்ன பதில் இதுதான் அக்கா. காய்ச்சலில் நீ இளைத்திருந்த மாதங்களில் படியேறுவது உனக்கு லேசானதை நானும் பார்த்தேனே. அவர்கள் சொன்னது பொய்யில்லை. சொன்ன விதம்தான் உன்னைக் கொன்றது.

ஆமாம், கொன்றது என்றுதான் சொல்வேன். நெஞ்சு பிசைகிறது என்று உன் மகளிடம் சொன்னவள், டாக்டரிடம் போக மாட்டேன் என்றாய். "முட்டிக்கே அத்தினி திட்டு. நெஞ்சுன்னு போனா உரிச்சித் தொங்கவுட்டுருவாங்க." யாரிடமும் காட்டாமலே போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உன் மகளுக்கு உன் உடம்பு. இந்த வயதிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் மாடி இறங்குகிறாள். டாக்டரிடம் கூப்பிட்டால், "நான் வர்ல சித்தி. மூஞ்சியக்கூடப் பாக்காம மிஷின்ல ஏறுன்னுவாங்க" என்றாள். வழுக்கி விழும் பெல்ட்டோடு அவளுக்கு முன்னால் நடந்து காட்டினேன். "ஒல்லியா இருக்கற எனக்கும் கீதுடி. நான் இன்னா தின்னு கெட்டேன்?" அவள் சிரித்துவிட்டாள். சிரித்தவளைக் கையோடு இழுத்துப் போனேன். மிஷினும் உண்டுதான், ஆனால் அந்தச் சின்ன டாக்டர் முதலில் முட்டியைத்தான் பிடித்துப் பார்த்தாள். "எங்கம்மா முட்டி இது" என்றாள் உன் மகள்.

பெல்ட் அவளுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. சாயங்காலத்தில் இரண்டு பேரும் கடலோரமாக நடக்கிறோம். தொடைக்கு டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியும் செய்கிறோம். நேற்று காசிமேட்டுப் பக்கம் போகும்போது, நமக்கு மீன் தரும் அந்த அம்மா, கண் மங்கியவள், நீ போனது தெரியாதவள், பின்னாலிருந்து உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "நடைய வெச்சே கண்டுக்கினேன்!"

இரண்டு பேருமே திரும்பினோம்.